பயறு விற்பவருக்குப் பயறு வேகவைக்கத் தெரியட்டும்!



தலைமுறை தலைமுறையாக மளிகைத் தொழில் செய்து வருகிறவர்கள் நாம். துவரை, உளுந்து, கடலை என்று எத்தனையோ மூட்டைகளை ஏற்றி இறக்கியிருக்கிறோம். ஒரு பிடி அள்ளிப் பார்த்தாலே இது எந்த ரகம், புடைத்தால் எவ்வளவு கழிவு போகும் என்று சொல்லிவிடுவோம். ஆனால், "இதை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும்?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டுவிட்டால், "வீட்டில் கேட்டுச் சொல்கிறோம்" என்று நழுவுவதுதான் நம்மில் பலருடைய வழக்கம். சென்ற ஆண்டு ஆனி மாதம் வரை எங்கள் கடையிலும் அதே கதைதான். அந்த மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சி எங்கள் கண்ணைத் திறந்தது. அதைச் சொன்னால் மற்ற வணிகர்களுக்கும் பயன்படும் என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறோம்.

வேகாத கொண்டைக்கடலை

மாலை நேரம். கடையில் நல்ல கூட்டம். எங்களிடம் பல ஆண்டுகளாக மாதச் சாமான் வாங்கும் குடும்பத்துப் பெண் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் ஒரு தூக்குப் பாத்திரம். அதைத் திறந்து கல்லாவுக்கு எதிரே வைத்தார். உள்ளே வேகவைத்த கொண்டைக்கடலை.

"அண்ணாச்சி, ஒண்ணு எடுத்து நசுக்கிப் பாருங்க" என்றார். நசுக்கிப் பார்த்தோம். சில மணிகள் நசுங்கின. பல மணிகள் விரலுக்கே வலி கொடுத்தன.

"ராத்திரியே ஊறப் போட்டீங்களாம்மா?" என்று கேட்டோம். நம் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதானே!

"பன்னெண்டு மணி நேரம் ஊறிச்சு. எட்டு விசில் விட்டேன். அப்பாவுக்காக ஆசையாச் செஞ்சேன் அண்ணாச்சி. அவர் பல்செட்டு போட்டிருக்கார். ரெண்டு வாய் மென்னு பார்த்துட்டு, 'பரவாயில்லம்மா, எனக்கு ரசஞ்சோறே போதும்'னு எழுந்துட்டார்."

அவருடைய தந்தையார் ஓய்வுபெற்ற ஆசிரியர். நீண்ட நாள் காய்ச்சலில் படுத்து எழுந்து, உடல் இளைத்துப் போயிருந்தார். ஒவ்வொரு வேளையும் புரதம் சேர வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் முட்டை, இறைச்சி புழங்குவதில்லை. ஆகவே பயறு, வாட்டிய காய்கறி, கொஞ்சம் சோறு எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் சேர்த்துச் செய்யும் உணவை எங்கோ பார்த்து, அதைத் தந்தைக்குச் செய்து கொடுக்க எண்ணியிருக்கிறார். நம் சரக்கு காலை வாரிவிட்டது.

கடலைக்கு உரிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். ஆனால், அன்று வேறு ஒரு சாமானும் வாங்காமல் போய்விட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தப் பெரியவர் பாதி வயிற்றோடு எழுந்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

குற்றம் எங்கே?

அன்றிரவு கடை அடைத்த பிறகு கொண்டைக்கடலை டின்னைக் கவிழ்த்தோம். மேலே இருந்து 100 மணி, அடியில் இருந்து 100 மணி எடுத்துத் தனித்தனியே ஊறவைத்து, மறுநாள் வீட்டுக் குக்கரில் தனித்தனியே வேகவைத்தோம். மேல் கடலையில் 2 மணிதான் வேகவில்லை. அடிக் கடலையில் 37 மணி கல்லாகவே கிடந்தன.

காரணம் புரிந்துவிட்டது. நவராத்திரிக்குச் சுண்டல் வியாபாரம் ஓடும் என்று கூடுதலாக மூட்டை இறக்கியிருந்தோம். மீந்துபோனது டின்னின் அடியில் தங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் கடைத் தம்பி புது மூட்டையைப் பிரித்து அதன் மேலேயே கொட்டியிருக்கிறான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அடியைக் காலி செய்த பிறகே கொட்ட வேண்டும் என்று நாங்கள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கொண்டைக்கடலை குளிர்காலப் பயிர். மாசி, பங்குனி வாக்கில் அறுவடையாகி வருவது. நவராத்திரிக்கு நாம் வாங்கும்போதே அதற்கு ஆறு மாத வயது. அடுத்த ஆனியில் அதற்கு ஒன்றேகால் ஆண்டு. நடுவில் ஒரு மழைக்காலத்தையும், தகரக் கூரையின் கீழ் ஒரு கத்திரி வெயிலையும் பார்த்துவிட்டது. அது எப்படி வேகும்?

பழைய பயறு ஏன் வேகாது?

பயற்றின் உள்ளே இருக்கும் நுண்ணறைகளைப் பெக்டின் என்னும் பொருள் பசைபோல ஒட்டிவைத்திருக்கிறது. வேகும்போது இந்தப் பசை கரைகிறது. நுண்ணறைகள் பிரிகின்றன. அதைத்தான் நாம் 'வெந்துவிட்டது' என்கிறோம். வெக்கையும் ஈரக்காற்றும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் பயறு கிடந்தால், அதனுள் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் ஆகிய உப்புகள் விடுபட்டு அந்தப் பசையை இறுக்கிவிடுகின்றன. அப்படிப்பட்ட மணி ஊறும், பருக்கும். ஆனால் எத்தனை விசில் விட்டாலும் மசியாது.

இன்னொரு வகையும் உண்டு. தோல் இறுகி, தண்ணீரையே உள்ளே விடாத மணி. இரவு முழுக்க ஊறினாலும் போட்டபடியே சிறுத்துக் கிடக்கும். பச்சைப்பயறு, கொள்ளு ஆகியவற்றில் இதை அதிகம் காணலாம். இதைக் கண்ணாலேயே பார்த்துப் பொறுக்கிவிடலாம். முதலில் சொன்னதை வேகவைத்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். பொறுக்கிப் புடைப்பதோடு தரம் பார்ப்பது முடிந்துவிடவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

வாடிக்கையாளர் வீட்டுத் தண்ணீரும் ஒரு காரணம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கால்சியம் மிகுதி. நல்ல பயறும் அதில் வேகத் தாமதமாகும். குடிதண்ணீரில் ஊறவைத்து, குடிதண்ணீரிலேயே வேகவைக்கச் சொல்ல வேண்டும். புளி, தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்களைப் பயறு வெந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு சேர்ந்தால் பசை கரையாது.

ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போட்டு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அலசி வேகவைத்தால் தோல் மெத்தென்று ஆகும். சற்றே பழைய பயறாக இருந்தால் வேகும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம். அளவு மிஞ்சினால் சுவை கெடும், 'பி' வைட்டமினும் அழியும்.

இந்தக் கிண்ண உணவில் நமக்கு என்ன லாபம்?

"வியாபாரப் பத்திரிகையில் சமையல் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு சிறு கணக்கைச் சொல்கிறோம்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்குப் பயறு பருப்பு வகைகள் 85 கிராம், காய்கறி 400 கிராம், கொட்டை, எள் போன்ற வித்துகள் 35 கிராம் என்று சொல்லியிருக்கிறது. முட்டை, இறைச்சி உண்பவர்கள் பருப்பில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம்.

85 கிராம் வீதம் 30 நாளுக்கு ஒருவருக்கு 2 கிலோ 550 கிராம். நான்கு பேர் உள்ள சைவக் குடும்பத்துக்கு மாதம் 10 கிலோவுக்கு மேல் வருகிறது. நம் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தோம். நான்கு பேர் உள்ள வீடுகளில் துவரை, உளுந்து, கடலைப் பருப்பு, பாசிப்பருப்பு எல்லாம் சேர்ந்து 4 கிலோவைத் தாண்டவில்லை. முழுப் பயறு வகைகளோ அரைக் கிலோகூட இல்லை. நீங்களும் உங்கள் கணக்கைப் பாருங்கள். குழம்புக்கும் இட்லி மாவுக்கும் மட்டுமே பருப்பு என்று இருக்கும் வரை இந்த அளவு கூடாது. பயறே ஒரு வேளைச் சாப்பாடாக மாறினால்தான் கூடும்.

இன்று பலரும் 'புரோட்டீன்' என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். பெரிய டப்பாவில் அடைத்த மாவுகளை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் டின்களில் இருப்பது என்ன? உலர்ந்த எடையில் 100 கிராமுக்கு மைசூர்ப் பருப்பில் சுமார் 24 கிராம் புரதம். உளுந்து, பச்சைப்பயறு ஆகியவற்றில் சுமார் 23. துவரம் பருப்பு, கொள்ளு இரண்டிலும் சுமார் 22. கொண்டைக்கடலையில் 17 முதல் 19. நிலக்கடலையில் சுமார் 24. சோயாவில் 35 கிராமுக்கும் மேல். ஒரு கோழி முட்டையில் இருப்பது 6 முதல் 7 கிராம். உங்கள் கடை விலையை வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒரு கிராம் புரதம் எதில் மலிவு என்பது தெரிந்துவிடும்.

வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லும்போது ஒரு கவனம் தேவை. இந்த எண்கள் உலர்ந்த பயற்றுக்கு. வேகவைத்தால் தண்ணீரை இழுத்து எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஆகவே வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 கிராம் அளவே புரதம் இருக்கும். கூட்டிச் சொல்லி விற்றால் நாளைக்கு நம் பேச்சுக்கு மதிப்பிராது.

செய்முறை: நான்கு பேருக்கு

இந்த உணவை எங்கள் வீட்டில் ஐந்தாறு முறை செய்து பார்த்த பிறகே எழுதுகிறோம். அடுப்பங்கரையில் வீட்டு அம்மாள்தான் ஆசான். நாங்கள் எடை போட்டோம், நேரம் பார்த்தோம்.

பயறு: கறுப்புக் கொண்டைக்கடலை 200 கிராம், பச்சைப்பயறு 100 கிராம்.

சோறு: சாமை அல்லது புழுங்கல் அரிசி 200 கிராம்.

காய்கறி: பரங்கிக்காய் 250 கிராம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு 250 கிராம், கேரட் 200 கிராம், காலிஃபிளவர் 200 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம்.

மேலே ஊற்றும் சாறுக்கு: நிலக்கடலை 100 கிராம், வெள்ளை எள் 2 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 3, பூண்டு 2 பல், நெல்லிக்காய் அளவு புளி, உப்பு.

மற்றவை: நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள், சீரகத்தூள், மஞ்சள்தூள், கொத்தமல்லித் தழை, எலுமிச்சம்பழம் 1.

முதல் நாள் காலையிலேயே பச்சைப்பயற்றை ஊறப்போட்டு, மாலையில் வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். மறுநாள் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். கொண்டைக்கடலையை முதல் நாள் இரவு உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் அலசி, மூழ்கும் அளவுக்குப் புதுத் தண்ணீர் விட்டுக் குக்கரில் வைக்க வேண்டும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம். ஆவி தானாக அடங்கிய பிறகு திறக்க வேண்டும். முளைப்பயற்றை 5 நிமிடம் ஆவியில் வைத்தால் போதும்.

காய்கறிகளை ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய், மஞ்சள், மிளகு, சீரகம் போட்டுப் பிசறிக்கொள்ள வேண்டும். மின் அடுப்பு உள்ளவர்கள் 200 டிகிரி சூட்டில் தட்டில் பரப்பி அரை மணி நேரம் வைக்கலாம். நடுவில் ஒரு முறை புரட்டிவிட வேண்டும். அது இல்லாதவர்களுக்கு இரும்புத் தோசைக்கல் போதும். கல்லை நன்றாகக் காயவைத்து, காய்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, மிதமான தீயில் மூடி வைத்து, பிறகு மூடியை எடுத்து இருபுறமும் சிவக்க வாட்ட வேண்டும். ஒரேயடியாகக் குவித்துப் போட்டால் காய் தண்ணீர் விட்டு அவிந்துபோகும், சிவக்காது. ஆகவே இரண்டு மூன்று ஈடாகப் போடுவது நல்லது. உப்பைக் கடைசியில் தூவ வேண்டும். கிழங்கும் கேரட்டும் முதல் ஈடு. பரங்கியும் காலிஃபிளவரும் அடுத்த ஈடு. வெங்காயத்தைத் தோலுரித்து முழுதாகவே போடலாம். எண்ணெயில் பொரிக்காமலே காய்க்கு ஒரு சுட்ட மணம் வந்துவிடும். பரங்கிக்காய் என்றால் முகம் சுளிக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள், இதைத் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுவிட்டார்கள்.

நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, எள்ளையும் மிளகாயையும் தனித்தனியே வறுத்து, பூண்டு, புளி, உப்பு சேர்த்து, வெந்நீர் விட்டு அரைக்க வேண்டும். துவையலைவிடத் தளர்வாக, கரண்டியால் ஊற்றும் பதத்தில் இருக்க வேண்டும்.

ஆளுக்கு ஓர் அகலக் கிண்ணம். அடியில் சோறு, ஒரு பக்கம் கொண்டைக்கடலை, ஒரு பக்கம் முளைப்பயறு, ஒரு பக்கம் வாட்டிய காய். நடுவில் கடலைச் சாறு. மேலே கொத்தமல்லியும் எலுமிச்சைச் சாறும். எலுமிச்சை வெறும் ருசிக்காக மட்டுமல்ல. அதில் உள்ள 'சி' வைட்டமின், பயற்றில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர உதவுகிறது.

ஒரு கிண்ணத்தில் புரதம் சுமார் 25 கிராம் வரும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவையானது சுமார் 46 கிராம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. பாதிக்கு மேல் ஒரே வேளையில் கிடைத்துவிடுகிறது. அரிசியில் லைசின் என்னும் புரதக்கூறு குறைவு, பயற்றில் நிறைவு. பயற்றில் மெத்தியோனின் குறைவு, அரிசியிலும் எள்ளிலும் அது உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. பொங்கலில் அரிசியோடு பாசிப்பருப்பையும், இட்லியில் அரிசியோடு உளுந்தையும் சேர்த்த நம் முன்னோர் வழியும் இதுதான்.

கடையில் செய்ய வேண்டியவை

முதலாவது, பழைய சரக்கின் மேல் புதியதைக் கொட்டக் கூடாது. டின் காலியாகி, துடைத்து, வெயிலில் காய்ந்த பிறகே அடுத்த மூட்டை. எங்கள் கடையில் இப்போது ஒவ்வொரு பயற்றுக்கும் இரண்டு டின். ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், மற்றது காத்திருக்கும்.

இரண்டாவது, மூட்டை வந்த நாளைச் சீட்டில் எழுதிச் சாக்கில் தைத்துவிட வேண்டும். மொத்த வணிகர்களும் எந்தப் பருவத்துச் சரக்கு என்பதைக் கேட்காமலேயே சொன்னால், சில்லறை வணிகர் அவரைத் தேடி வருவார்.

மூன்றாவது, புது மூட்டை பிரித்ததும் 100 மணி எடுத்து ஊறவைத்து, வேகவைத்துப் பார்க்க வேண்டும். 5 மணிக்கு மேல் மசியாவிட்டால், முழுப்பயறாக அதை விற்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். பூச்சியும் பூஞ்சணமும் இல்லாத சரக்கானால் மாவு அரைக்க விடலாம்.

நான்காவது, வண்டு. பயற்றின் மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது வண்டின் முட்டை. குடைந்து உள்ளே போன புழு ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஓட்டை போட்டுக்கொண்டு வண்டாக வெளியே வரும். சரக்கின் ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கு மிகாமல் காயவைத்து, பலகையின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். வண்டு நடமாட்டத்தை முன்கூட்டியே அறியக் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறிகள் உள்ளன. எக்காரணம் கொண்டும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கடைக்குள் வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் வாயு ஆளையே கொல்லும். பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டியது அது.

ஐந்தாவது, பொட்டலத்தோடு ஒரு துண்டுச் சீட்டு. எங்கள் சீட்டில் உள்ளது இவ்வளவுதான். முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில், ஊறிய கொண்டைக்கடலைக்கு 15 முதல் 20 நிமிடம். ஊறிய தட்டப்பயறுக்கு 5 முதல் 8 நிமிடம். ஊறிய கொள்ளுக்கு 20 நிமிடம். ஊறிய ராஜ்மாவுக்கு 20 நிமிடம். குக்கருக்குக் குக்கர் சற்று மாறும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறோம்.

சொல்ல வேண்டிய எச்சரிக்கை

ராஜ்மா விற்கும்போது ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள ஒரு நச்சுப் பொருள் கடும் வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். குக்கரில் நன்றாக வெந்தால் அச்சமில்லை. முளைகட்டியதைப் பச்சையாகத் தின்பது ராஜ்மாவுக்கு ஆகாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுவது தீங்காக முடியலாம். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்றக் கூடாது. நிலக்கடலையும் எள்ளும் சிலருக்கு ஒவ்வாது. நாம் மளிகைக் கடைக்காரர்கள், வைத்தியர்கள் அல்லர். "இதைத் தின்றால் அந்த நோய் தீரும்" என்று ஒரு வார்த்தையும் நம் வாயில் வரக் கூடாது. பயறு எவ்வளவு நாள் ஆனது, எப்படி வேகும், எவ்வளவு வாங்கினால் போதும் என்பதோடு நிறுத்திக்கொள்வதே நமக்கு மரியாதை.

பொட்டலமாகப் போட்டால்...

மேலே சொன்ன அளவில் கொண்டைக்கடலை 200, பச்சைப்பயறு 100, சாமை 200, நிலக்கடலை 100, எள் ஒரு சிறு பொட்டலம், மிளகாய் மூன்று என்று ஒரே உறையில் போட்டு, 'நான்கு பேருக்கு ஒரு வேளை' என்று எழுதி முன்வரிசையில் வைத்தோம். உள்ளே செய்முறைச் சீட்டு. காய்கறிகளின் பெயரையும் அளவையும் அதில் எழுதி, எதிரே உள்ள காய்கறிக் கடைக்காரரிடமும் பத்துச் சீட்டுகள் கொடுத்தோம். அவரிடம் சீட்டு வாங்கியவர் நம்மிடம் வருகிறார். நம்மிடம் பொட்டலம் வாங்கியவர் அவரிடம் போகிறார். இருவருக்கும் நட்டமில்லை. பொட்டலம் போட்டு விற்போர் எடை, விலை, தேதி ஆகியவற்றைச் சட்டப்படி அச்சிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தொடக்கத்தில் அதிகம் போகவில்லை. முதல் வாரம் நான்கு பொட்டலம். பிறகு, செய்து பார்த்தவர்கள் சொல்லக் கேட்டு மற்றவர்கள் வந்தார்கள். சாமையை மறந்தே போயிருந்தவர்கள்கூடத் தனியாகக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். நவராத்திரிக்கு மட்டுமே நகரும் சரக்கு என்று நாம் ஒதுக்கிவைத்திருந்த கொண்டைக்கடலை, இப்போது எல்லா மாதமும் நகர்கிறது. சரக்கு நகர்ந்தால் பழசு தங்காது. பழசு தங்காவிட்டால் வேகாது என்ற பேச்சும் எழாது.

ஐக்கிய நாடுகள் அவை 2016 ஆம் ஆண்டைப் பயறு ஆண்டாக அறிவித்தது. 2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 10 உலகப் பயறு நாள். உலகிலேயே பயறு அதிகம் விளைவதும், அதிகம் உண்ணப்படுவதும் நம் நாட்டில்தான். வரும் பிப்ரவரி 10 அன்று ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் கடைவீதியில் ஓர் அடுப்பை மூட்டி, இந்த உணவைச் செய்து காட்டினால் என்ன? விளம்பரச் செலவில் ஒரு சிறு பகுதி போதும்.

அந்தப் பெரியவர்

அந்த அம்மையார் ஒரு மாதம் நம் கடைப் பக்கம் வரவில்லை. வேறிடத்தில் வாங்குவதாகக் கேள்விப்பட்டோம். புது வரவுக் கடலையைச் சோதித்த பிறகு, ஒரு பொட்டலத்தில் போட்டு, "இது நேற்று எங்கள் வீட்டில் வெந்த கடலை. அப்பாவுக்குக் கொடுங்கள்" என்று எழுதி, பில் போடாமல் கடைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினோம்.

நான்கு நாள் கழித்து அந்த ஆசிரியரே கைத்தடியை ஊன்றிக்கொண்டு கடைக்கு வந்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. நாற்காலி போட்டோம். உட்கார்ந்ததும் சொன்னார்: "கடலை வெண்ணெயா வெந்திருந்துச்சுப்பா. மறுதேர்வுல தேறிட்டே." பிறகு சட்டைப் பையிலிருந்து மகள் எழுதிக் கொடுத்த மாதச் சாமான் சீட்டை எடுத்து நீட்டினார். முதல் வரியில், கொண்டைக்கடலை ஒரு கிலோ.

வணிக நண்பர்களே! எடையில் குறைத்தால்தான் மோசடி என்று எண்ணியிருந்தோம். வேகாத சரக்கை வேகும் சரக்கின் விலைக்குக் கொடுப்பதும், தெரியாமல் செய்தாலும், வாங்கியவருக்கு நட்டம்தான். இன்றிரவு கடை அடைக்கும்போது ஒரு டின்னைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். 100 மணியை எடுத்து ஊறவையுங்கள். மற்றதை உங்கள் வீட்டுக் குக்கர் சொல்லும்.